ஜன்னலுக்கு எதிரே வைத்த தொட்டி

வீட்டு வாசலுக்கு வந்து குப்பை எடுப்பதை நகராட்சி நிறுத்தப்போகிறது என்ற செய்தி தெருவுக்குள் நுழைந்தபோது, தையலக்கா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவளுக்கு இருந்த கவலைகளே போதும் போதும் என்றிருந்தன.

அதுவரை காலையில் தள்ளுவண்டியோடு ஒரு பெண் வருவாள். வாயில் விசில். விசிலம்மா என்றுதான் எல்லாரும் கூப்பிட்டார்கள். சத்தம் கேட்டதும் அவரவர் வாளியைத் தூக்கிக்கொண்டு வெளியே வருவார்கள். வர முடியாதவர்கள் வீட்டில் அவளே உள்ளே போய் எடுத்துக்கொள்வாள். இனி அது கிடையாது. ஆள் பற்றவில்லை, வண்டி பற்றவில்லை, பெரிய நகரங்களில் எல்லாம் இப்படித்தான் செய்கிறார்கள் என்று ஒலிபெருக்கி கட்டிய வண்டி சொல்லிவிட்டுப் போனது. தெருவுக்கு ஒரு பெரிய இரும்புத் தொட்டி. எல்லாரும் அதில் கொண்டுபோய்ப் போட வேண்டும். லாரி வந்து தொட்டியைத் தூக்கிக் கவிழ்த்துக்கொண்டு போகும்.

தெருவே இதைப் பற்றித்தான் பேசியது. மாடியில் இருப்பவர்கள் எப்படித் தூக்கிக்கொண்டு இறங்குவது, லாரி ஒழுங்காக வருமா, நாய் வந்து இழுத்துப் போடாதா என்று ஆளுக்கு ஒரு கேள்வி. ஆனால் எல்லாரும் சுற்றிச் சுற்றி வந்து நின்ற கேள்வி ஒன்றுதான். தொட்டியை யார் வீட்டு முன்னால் வைப்பார்கள்?

தையலக்காவின் வீடு தெரு வளைகிற இடத்தில் இருந்தது. தரைத்தளம். முன்னறையில் ஒரு பக்கம் தையல் மெஷினும் துணி வெட்டுகிற மேசையும். இன்னொரு பக்கம், ஜன்னலை ஒட்டி, புருஷனின் கட்டில். அவர் நகரப் பேருந்து ஓட்டியவர். ஒருநாள் ஓட்டிக்கொண்டிருக்கும்போதே வலது கை ஸ்டியரிங்கிலிருந்து நழுவிவிட்டது. இடது கையால் வண்டியை ஓரங்கட்டி, பிரேக்கை இழுத்து, நிறுத்திவிட்டுத்தான் சரிந்தார். உள்ளே இருந்த ஒருவருக்கும் கீறல்கூட விழவில்லை. அவருக்குத்தான் ஒரு பக்கம் முழுவதும் போய், பேச்சும் போனது. மிச்சம் இருந்தது ஒரே ஒரு சொல்: "சரி." தண்ணீர் வேண்டுமென்றாலும் சரி, வேண்டாமென்றாலும் சரி, கோபம் வந்தாலும் சரிதான். எந்தச் சரிக்கு என்ன அர்த்தம் என்று தையலக்காவுக்குத் தெரியும்.

அவரை அந்த ஜன்னல்தான் காப்பாற்றிக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள், காய்கறிப் பை சுமந்து வருகிறவர்கள், வேலைக்கு ஓடுகிறவர்கள் எல்லாரும் அந்த வளைவைத் தாண்டித்தான் போக வேண்டும். "என்ன டிரைவரே, வண்டி கிளம்பலையா?" என்று கேட்டுக் கை காட்டிவிட்டுப் போவார்கள். அவர் இடது கையைத் தூக்கிக் காட்டுவார். அதிலேயே அவருக்குப் பொழுது போய்விடும்.

தொட்டியை எங்கே வைப்பது என்று முடிவு செய்ய, தெருக்கோடி மூன்று மாடி வீட்டின் மொட்டைமாடியில் கூட்டம் போட்டார்கள். தையலக்காவால் போக முடியவில்லை. புருஷனை அடிக்கடி புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். ஒரே பக்கமாகக் கிடந்தால் முதுகு புண்ணாகிவிடும். அவள் கையைப் பிசைந்துகொண்டிருந்தபோது கொழுந்தன் வந்தான். அவள் இந்த வீட்டுக்கு வாழ வந்தபோது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தவன். இப்போது அதே தெருவில் மருந்துக்கடை வைத்திருந்தான். அண்ணனுக்கு வேண்டிய மருந்து மாத்திரையெல்லாம் அவன் கடையிலிருந்துதான். ஆஸ்பத்திரியில் அண்ணன் பக்கத்தில் கண் விழித்துக் கிடந்தவனும் அவன்தான்.

"நீங்க எதுக்கு அண்ணி அலையணும்? நான் போறேன்ல. ரெண்டு வீட்டுக்கும் சேத்து நானே பேசிக்கிறேன்" என்றான்.

"இந்தப் பக்கம் வராம பாத்துக்க தம்பி. உன் அண்ணன் நெலமதான் உனக்குத் தெரியுமே."

"அதெல்லாம் எனக்குத் தெரியாதா?"

கூட்டம் முடிந்து எல்லாரும் கலைந்து வந்தபோது அவனும் வந்தான். ஜன்னலைத் தாண்டும்போது போனைக் காதில் வைத்துக்கொண்டு விறுவிறுவென்று நடந்தான். கடையைத் திறந்துபோட்டு வந்த அவசரமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை லாரி வந்தது. சங்கிலியில் தொங்கிய பச்சைத் தொட்டி, ஆளுயரத்துக்கு மேல், ஆடியபடி இறங்கியது. சத்தம் கேட்டு, கழுத்தில் கிடந்த அளவு நாடாவோடு வெளியே ஓடினாள்.

"இங்க இல்லங்க. எடம் மாறி வந்துட்டீங்க. உள்ள படுத்த படுக்கையா ஆள் இருக்கு."

லாரியோடு வந்த மேஸ்திரி அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "எல்லாம் சரியாத்தாம்மா வந்திருக்கோம். வளைவுல, மஞ்சள் வீட்டு ஜன்னலுக்கு எதிர்லன்னு சொல்லி விட்டிருக்காங்க. தெருவே கூடிப் பேசின எடமாமே."

"யாரு பேசினா?"

"யாரு பேசினா எனக்கென்னம்மா? வைக்கச் சொன்னா வைப்பேன், எடுக்கச் சொன்னா எடுப்பேன். கொஞ்சம் தள்ளி நில்லுங்க, கால்ல விழுந்துடப்போகுது."

தொட்டி தரையைத் தொட்டபோது ஜன்னல் கம்பிகள் அதிர்ந்தன. உள்ளே அவர் கண்ணைத் திறந்து பார்த்தார். தெரு இருந்த இடத்தில் பச்சை இரும்பு. அதற்கு மேலே எதிர்வீட்டு மாடிக் கம்பியும் கொஞ்சம் வானமும். வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, "சரி" என்றார். அந்தச் சரியை அவள் அதற்கு முன் கேட்டதில்லை.

போட்டது போட்டபடி மருந்துக்கடைக்குப் போனாள். கொழுந்தன் யாருக்கோ மாத்திரை அட்டையைக் கத்தரித்துக்கொண்டிருந்தான். வந்தவர் போகும்வரை நின்றாள்.

"என்ன தம்பி இது?"

"முதல்ல என் கடை முன்னாடிதான் அண்ணி பேச்சு வந்துச்சு. மருந்து விக்கிற எடத்துல குப்பையை வச்சா யார் உள்ள வருவா? அப்புறம் தெருச் சங்கத் தலைவர் வீட்டுப் பக்கம்னாங்க. அங்க லாரி திரும்ப எடமில்லையாம். வளைவுலதான் தோதுன்னு ஆயிடுச்சு."

"நீ என்ன சொன்ன?"

"நான் ஒருத்தன் சொல்லி என்ன ஆகப்போகுது? எல்லாரும் கை தூக்கிட்டாங்க."

"நீ தூக்கினியா?"

அவன் கத்தரிக்கோலை எடுத்து மேசை டிராயரில் வைத்து மூடினான். "கொஞ்ச நாளைக்குத்தான் அண்ணி. மாத்திக் குடுக்கிறது என் பொறுப்பு." பிறகு எட்டி, ஒரு பெரிய கொசுவலையையும் ஈ மருந்து டப்பாவையும் எடுத்துக் கொடுத்தான். அவளும் வாங்கிக்கொண்டுதான் வந்தாள். வேண்டாம் என்று அவன் முகத்தில் அடித்தாற்போல் சொல்ல அவளுக்கு வரவில்லை.

மாடி வீட்டு டீச்சர்தான் மிச்சத்தைச் சொன்னாள். "மனசு கேக்காமச் சொல்றேன், என்னைக் காட்டிக் குடுத்துடாதீங்க. அங்க நோயாளி இருக்காரே, அவங்க சண்டைக்கு வர மாட்டாங்களான்னு ஒருத்தர் கேட்டாரு. உங்க கொழுந்தனாருதான், 'அண்ணி ஒண்ணும் சொல்ல மாட்டாங்க, நான் பாத்துக்கிறேன்'னாரு. அப்புறந்தான் எல்லாரும் கை தூக்கினாங்க."

"நீங்க டீச்சர்?"

டீச்சர் புடவை முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். "நான் ஓரமா உக்காந்திருந்தேன்" என்றாள்.

ஆரம்பத்தில் லாரி தினமும் வந்தது. பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் ஆனது. அப்புறம் அது வருவதே அதிசயம் போலானது. தொட்டியின் மூடி வளைந்து மூட முடியாமல் போனது. கிட்டே போய்ப் போட அருவருத்துக்கொண்டு தூரத்திலிருந்தே வீசினார்கள். பாதி உள்ளே, பாதி வெளியே. பைகள் கிழிந்து, கறுப்புத் தண்ணீர் ஜன்னலுக்குக் கீழே வரை ஓடி வந்து தேங்கியது. நாய்கள் இழுத்ததை எலிகள் தின்றன. எலிகள் விட்டதை ஈக்கள் மொய்த்தன.

டிரைவருக்குக் கை காட்டுகிறவர்கள் நின்றுபோனார்கள். ஒரு கையில் குப்பைப்பை, இன்னொரு கையில் மூக்கு. கை காட்டக் கை ஏது? வீசிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு ஓடினார்கள். அவருடைய பஸ்ஸில் ஏறிப் பள்ளிக்கூடம் போனவர்கள், படிக்கட்டில் தொங்கியதற்குத் திட்டு வாங்கியவர்கள், எல்லாரும்தான். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. அந்த ஜன்னலைப் பார்த்தால் கூசியது, அதனால் பார்க்கவில்லை. அவ்வளவுதான்.

ஜன்னலைச் சாத்தினால் அறை வெந்தது. திறந்தால் நாற்றம் குடலைப் பிடுங்கியது. அவள் சாத்துவாள், அவர் இடது கையால் சுவரைத் தட்டுவார். திறப்பாள். ஈக்கள் வலைக்குள் எப்படியோ புகுந்து அவர் வாயோரத்தில் உட்காரும். ஓட்ட அவருக்கு ஒரு கைதான் இருந்தது. அதுவும் சீக்கிரம் ஓய்ந்துவிடும். மெஷினை மிதிப்பதை நிறுத்திவிட்டு எழுந்து வந்து விசிறுவாள். விசிறினால் தையல் கிடப்பில் கிடக்கும். தைத்தால் அவர் கிடப்பார்.

தையலும் கைவிட்டுப் போக ஆரம்பித்தது. பள்ளிச் சீருடை தைக்கக் கொடுத்த ஒரு தாய் துணிகளைத் திரும்பக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள்.

"தப்பா எடுத்துக்காதீங்கக்கா. ரெண்டு தடவை துவைச்சுட்டேன், வாடை போகல. பிள்ளை போட மாட்டேங்குறான். அளவெல்லாம் கச்சிதமா இருக்கு, அதுல குறையே இல்ல."

"குடுங்க, நான் அலசித் தர்றேன்" என்று வாங்கிக்கொண்டாள். அந்தத் தாய் போன பிறகு துணியை முகத்தில் வைத்து மோந்து பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை. தனக்கு மூக்கு மரத்துப்போய்விட்டது என்று அப்போதுதான் உறைத்தது. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

கொழுந்தன் மனைவியான ஓரகத்தியைக் கொஞ்ச நேரம் கட்டிலருகே உட்காரவைத்துவிட்டு நகராட்சி ஆபீசுக்குப் போனாள். அவளைப் போல அங்கே எத்தனையோ பேர். ஒருவர் ஒழுகுகிற பையையே சாட்சிக்குக் கொண்டுவந்திருந்தார். நாலாம் மாடியில் தனியாக இருக்கும் ஒரு கிழவி, படி இறங்க முடியாமல் குப்பையைக் குளியலறையில் சேர்த்து வைத்திருப்பதாகச் சொல்லி அழுதாள். "விசில் ஊதிட்டு வந்த பொண்ணையெல்லாம் எங்கய்யா அனுப்பினீங்க?" என்று ஒருவர் கேட்டுக்கொண்டே இருந்தார். அவள் முறை வந்தபோது எதிரே இருந்த அதிகாரி கத்தவும் இல்லை, விரட்டவும் இல்லை. சலித்துப்போன குரலில் பேசினார்.

"எடுத்துடலாம்மா. எடுத்து எங்க வைக்கட்டும்? எடத்தைச் சொல்லுங்க. அந்த எடத்துக்காரங்க சரின்னு சொல்லணும். எல்லாருக்கும் தொட்டி வேணும், யாருக்கும் வாசல்ல வேணாம். நான் தலை மேலயா வச்சுக்க முடியும்?"

"லாரியாவது தினம் வரலாமில்லைங்களா?"

"இருக்கிற லாரியில பாதி ரிப்பேர்" என்றார். அடுத்தவரைப் பார்த்துத் தலையசைத்தார்.

அதன் பிறகு அவள் வீடு வீடாக ஏறி இறங்கினாள். வாழ்நாளில் யார் வாசலிலும் போய்க் கேட்டு நிற்காதவள். எல்லாரும் உட்காரச் சொன்னார்கள். எல்லாரும் உச்சுக்கொட்டினார்கள். "ஐயோ, டிரைவர் எப்படி இருந்த மனுஷன்" என்றார்கள். தொட்டியைப் பற்றிப் பேச்செடுத்ததும் ஒருவருக்கு மூச்சிரைப்பு இருந்தது, ஒருவருக்கு மகள் பிரசவத்துக்கு வருவதாக இருந்தது, ஒருவர் வீட்டை விற்கப்போவதாக இருந்தார். சங்கத் தலைவர் வாசல் கேட்டைத் திறக்காமலே பேசினார்.

"பொதுவுல எடுத்த முடிவும்மா. ஆளுக்கு ஆள் மாத்தினா அப்புறம் கூட்டம்னு ஒண்ணு எதுக்கு? உங்க வீட்டு ஆளும் அங்க இருந்தாரே."

அவளுக்குப் பதில் நாக்கு நுனி வரை வந்தது. அதை விழுங்கிக்கொண்டு திரும்பினாள்.

வெயில் ஏறிய நாட்கள் அவை. சாத்திய ஜன்னலுக்குள் அவர் வியர்த்து நனைந்து கிடந்தார். எத்தனை புரட்டியும் துடைத்தும் இடுப்புக்குக் கீழே ஒரு இடத்தில் தோல் சிவந்து, உரிந்து, புண்ணாகிவிட்டது. படுக்கையில் விழுந்த இத்தனை காலத்தில் அவர் உடம்பில் ஒரு புண் வந்ததில்லை. அதில் அவளுக்கு வெளியே சொல்லிக்கொள்ளாத ஒரு பெருமை இருந்தது. கொழுந்தன் களிம்பும் பஞ்சும் கொடுத்துவிட்டான். கழுவி, கட்டி, வலையை இறுக்கிச் செருகினாள்.

ஒரு காலையில் கட்டைப் பிரித்தபோது புண்ணுக்குள் ஏதோ அசைந்தது. வெளிச்சம்தான் ஏமாற்றுகிறது என்று நினைத்துக் குனிந்து பார்த்தாள். வெளிச்சம் ஏமாற்றவில்லை. புழுக்கள்.

அவள் கத்தவில்லை. எழுந்துபோய்க் கையைக் கழுவினாள். திரும்ப வந்தாள். திரும்பவும் போய்க் கழுவினாள். அவர் தலையைத் திருப்ப முடியாமல் சுவரைப் பார்த்துக் கிடந்தபடி, "சரி? சரி?" என்று கேட்டார். என்ன ஆச்சு என்று கேட்கிற சரி.

"ஒண்ணுமில்ல. ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்துடலாம்" என்றாள்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் கட்டைப் பிரித்துவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"வீட்டுல இவரைப் பாத்துக்க ஆளே இல்லையா?"

"நான் இருக்கேன்."

"இருந்துமா இப்படி? எத்தனை நாளா திரும்பிப் பாக்காம விட்டீங்க?"

அவளிடம் பதில் இருந்தது. தொட்டி, லாரி, கூட்டம், கை தூக்கினவர்கள், எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த வெள்ளைக் கட்டிலின் முன்னால் அதெல்லாம் சாக்குப்போக்கு மாதிரிப் பட்டது. தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். பின்னால் அவளைத் தூங்கவிடாமல் அரித்தது புழு அல்ல. நர்ஸ் பார்த்த அந்தப் பார்வைதான்.

சுத்தம் செய்தார்கள். மருந்து ஏற்றினார்கள். விஷம் ஏற்கெனவே ரத்தத்தில் கலந்துவிட்டது என்று டாக்டர் சொன்னார். கொழுந்தன் தன் கடையிலேயே இல்லாத ஊசி மருந்தை எங்கெங்கோ அலைந்து வாங்கி வந்தான். ஆஸ்பத்திரி நடையில் சுவரில் சாய்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதான். அவள் பக்கத்து பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தாள். அழாதே என்றும் சொல்லவில்லை, எழுந்தும் போகவில்லை. காய்ச்சல் இறங்கவே இல்லை. கடைசியில் அந்த ஒரு சொல்லும் நின்றது. பிறகு மூச்சும்.

உடலை வீட்டுக்குக் கொண்டுவந்த வண்டியால் வாசலை நெருங்க முடியவில்லை. தொட்டி மறித்துக்கொண்டு நின்றது. சுற்றிலும் குப்பை. இறுதி மரியாதைக்கு வந்தவர்கள் எங்கே கால் வைப்பது என்று தெரியாமல் தடுமாறினார்கள். டிரைவரின் பழைய டிப்போ ஆட்கள் மூக்கைப் பொத்தலாமா கூடாதா என்று ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். தெருக்காரர்களுக்கு அவமானமாகிவிட்டது.

"பிடிங்கப்பா, ஓரமா தள்ளிடலாம்" என்றார் தலைவர்.

கொழுந்தன் முதல் ஆளாகக் கை வைத்தான். இன்னும் சிலர் சேர்ந்தார்கள். தொட்டி ஒரு தரம் முனகியது, பிறகு நகர்ந்தது. அடியில் சக்கரம் இருந்தது அதற்கு. இத்தனை நாளும் அங்கேயே குடியிருந்தும் தையலக்கா அதைக் கவனித்ததில்லை. புருஷனின் தலைமாட்டில் உட்கார்ந்து, ஜன்னல் வழியாக, அது அவ்வளவு சுலபமாக உருண்டு போவதைப் பார்த்தாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வெடித்தது. பெண்கள் அவளைப் பிடித்துக்கொண்டு, "அழட்டும், விடுங்க" என்றார்கள்.

தள்ளிய தொட்டியை வளைவின் மறுபக்கம், தணிந்த ஓட்டு வீட்டுக்கு எதிரே விட்டிருந்தார்கள். அங்கே ஒரு இளம் ஜோடி புதிதாகக் குடிவந்திருந்தது. புருஷன் வெளியூரில் வேலை பார்த்து எப்போதாவது வந்து போவான். அவளும் கைக்குழந்தையும்தான். தெருவில் யாரையும் அவளுக்குத் தெரியாது. காரியம் முடிந்ததும் தொட்டியைப் பழைய இடத்துக்கே தள்ளிவிடுவார்கள் என்று நினைத்தாள். ஒரு வாரம் பொறுத்தாள். அதற்கு மேல் முடியாமல், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு தையலக்காவிடம் வந்தாள்.

"துக்க வீட்ல வந்து கேக்கிறேன்னு நினைக்காதீங்கக்கா. குழந்தை மேல எல்லாம் தடிச்சுப்போச்சு, பாருங்க." சட்டையைத் தூக்கிக் காட்டினாள். வயிறு முழுக்கச் சிவந்த புள்ளிகள். "மறுபடி கூட்டம் போடுறாங்களாம். நான் பேசினா யார் கேப்பா? நீங்க பட்டவங்க. நீங்க சொன்னா எடுபடும்."

தையலக்கா அந்தப் புள்ளிகளின் மேல் விரலை வைத்துப் பார்த்தாள். "வர்றேன்மா. கட்டாயம் வர்றேன்" என்றாள்.

மனதாரத்தான் சொன்னாள். என்ன பேசுவது என்றுகூட யோசித்து வைத்தாள். ஒரு வீட்டு முன்னாலேயே வைத்தால்தானே இந்தப் பாடு? மாதம் ஒரு வீடு என்று முறை வைக்கலாம். தொட்டிக்குச் சக்கரம் இருக்கிறது. மருந்துக்கடை, தலைவர் வீடு, டீச்சர் வீடு, எல்லார் வாசலிலும் வந்தால் லாரி வராத அன்றைக்கு எல்லாரும் சேர்ந்து ஆபீசுக்குப் போய் நிற்பார்கள். நியாயமான பேச்சு. அவளே மெஷினை மிதித்துக்கொண்டு அதைப் பலமுறை சொல்லிப் பார்த்தாள்.

இந்த முறை கூட்டத்துக்குப் போக அவளுக்குத் தடை எதுவும் இல்லை. புரட்டிவிட ஆள் இல்லை. மொட்டைமாடியில் அவளுக்கு முன்வரிசையில் நாற்காலி போட்டார்கள். பின்னால், மாடிப்படிக்குப் பக்கத்தில், கைக்குழந்தையோடு அந்தப் பெண் நின்றாள்.

தலைவர் தொண்டையைச் செருமினார். "முன்ன நோயாளி இருந்தாருன்னு ஒரு பேச்சு இருந்துச்சு. இப்ப அந்த..." என்று இழுத்து, தையலக்காவைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

கொழுந்தன் எழுந்தான். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "அண்ணி வீட்டு முன்னாடி மட்டும் வேணாம். கால்ல வேணாலும் விழறேன். அது மட்டும் வேணாம்" என்றான். என் கடை முன்னால் வையுங்கள் என்று அடுத்ததாகச் சொல்வான் என்று அவள் காத்திருந்தாள். அவன் உட்கார்ந்துவிட்டான்.

"அப்ப இப்ப இருக்கிற எடத்துலயே இருக்கட்டுமா?" என்றார் தலைவர். "உங்களுக்குச் சம்மதந்தானேம்மா?"

எல்லார் முகமும் அவள் பக்கம் திரும்பியது. சொல்லிச் சொல்லிப் பழகிய பேச்சு வாய்வரை வந்தது. மாதம் ஒரு வீடு. அப்படியானால் ஒரு மாதம் அவள் வீடும் வரும். அந்தப் பச்சை இரும்பு மறுபடி ஜன்னலை அடைத்துக்கொண்டு நிற்கும். துணிகளிலிருந்து வாடை இப்போதுதான் போயிருந்தது. சீருடைக்காரத் தாய் நேற்றுத்தான் திரும்ப வந்திருந்தாள். அந்த அறையில் ஈச்சத்தம் இல்லாமல் அவள் தூங்க ஆரம்பித்துச் சில நாட்கள்தான் ஆகியிருந்தன. அவள் தன் மடியைப் பார்த்தாள்.

அதையே சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள். கைகள் உயர்ந்தன. அவள் கை உயரவில்லை. கை தூக்கவில்லையே என்று சொல்லிப் பின்னால் எத்தனையோ தடவை தன்னைத் தேற்றிக்கொள்ளப் பார்த்தாள். அது ஒட்டவே இல்லை. திரும்பிப் படியிறங்கும்போது டீச்சர் அவள் தோளில் கை வைத்து அழுத்தினாள். அந்தக் கையை உதறிவிட வேண்டும் போலிருந்தது.

கைக்குழந்தைக்காரி சண்டைக்கு வரவில்லை. கொஞ்ச நாளில் வேறு வீடு பார்த்துவிட்டாள். அதன் பிறகு அந்த ஓட்டு வீட்டுக்கு யாரும் குடிவரவில்லை. காலி வீட்டுக்கு எதிரே தொட்டி இருப்பது எல்லாருக்கும் வசதியாகப் போயிற்று.

சாமான் ஏற்ற வண்டி வந்த அன்று, தையலக்கா குழந்தைக்கென்று தைத்த இரண்டு சட்டைகளை எடுத்துக்கொண்டு போனாள். மெல்லிய பருத்தித் துணி, உள்ளே தையல் உறுத்தாமல் மடித்து அடித்தது. அந்தப் பெண் வாங்கிப் பார்த்தாள். வேண்டாம் என்று சொல்லவில்லை. பாத்திரக் கூடையின் மேல் வைத்தாள்.

"எந்தப் பக்கம் போறீங்க?"

"ரயில் பாலத்துக்கு அந்தாண்ட. கீழ் வீடுதான். வாடகைக்கு அதுதான் கிடைச்சுது."

"அங்க தொட்டியை எங்க வச்சிருக்காங்க?"

"பாக்கலக்கா. ஊருக்கு வந்தப்ப அவருதான் இருட்டுல போய்ப் பாத்துட்டு அட்வான்ஸ் குடுத்துட்டு வந்துட்டாரு" என்றாள் அவள். வண்டிக்காரர் ஹார்ன் அடித்தார். குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஏறினாள். ஏறி உட்கார்ந்ததும், புடவைத் தலைப்பை இழுத்துக் குழந்தையின் முகத்தை மூடினாள். வண்டி தொட்டியை ஒட்டித்தான் திரும்ப வேண்டியிருந்தது.